மங்களவிலாஸ் தாண்டி இடது பக்கம்

ஆன் தி லெஃப்ட்தான். இன் தி லெஃப்ட் இல்லை. அதைத் திருத்திச் சொல்லியாகிவிட்டது, அந்த மட்டுக்கும் நல்லது என்று நினைத்தபடி இந்துராணி மேனேஜர் அறைக்கு வெளியே கிடந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்காரவில்லை. இந்த சோபாவின் உறையைக் கழற்றி வெளுக்கப் போட்டு, தேய்த்துத் திரும்ப மாட்டுகிறவள் அவள்தான். உட்கார்ந்தது இன்றைக்குத்தான் முதல் தடவை. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் ஓட்டலின் போர்வையையும் துண்டையும் எண்ணி எண்ணியே முன்மயிர் வெளுத்துவிட்டது. ரிசப்ஷனில் இருந்த சுபாஷிணி கல்யாணமாகிப் போய்விட்டாள், அந்த நாற்காலிக்கு ஓட்டலுக்குள்ளிருந்தே ஆள் எடுக்கப் போகிறார்கள், இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதும் என்றார்கள். போதும் என்று சொல்ல யாருக்கும் வாய் வலிப்பதில்லை. மகள் மதுமிதாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள், பொண்ணோட அம்மா என்ன பண்றாங்க என்று கேட்டால், வீட்டுக்காரர் "ஓட்டல்ல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தத்துக்குள் அவள் சுமந்த அழுக்குத் துணி அத்தனையும் கிடக்கும். இனிமேல் "ஓட்டல் ரிசப்ஷன்ல" என்று முழுசாகச் சொல்லிக்கொள்ளட்டும். உள்ளே ரூம் சர்வீஸ் ஜெரோம் என்னத்தையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்து அவள். வழி கேட்டால் சொல்லத் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம், சுபாஷிணி போனில் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் காலையில் தெருவிலேயே ஒத்திகை முடிந்துவிட்டதே என்று இந்துராணிக்கு உள்ளூர ஒரு இனிப்பு. அட் இந்த இடத்தில், ஆன் அந்தப் பக்கம், வந்து நின்ற வரிசையைப் பார்த்தால் கிளாடிஸ் மிஸ்ஸே அசந்துபோயிருப்பார்.

கிளாடிஸ் மிஸ் வீட்டு மாடியில் ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவையும் சொல்லிக்கொடுத்தார். குச்சியைப் பெட்டிக்குள்ளே போட்டால் இன், மேலே வைத்தால் ஆன், பக்கத்தில் படுக்கவைத்தால் பிசைட். தீப்பெட்டியோடு நிறுத்தியிருந்தால் தேவலை. தெருவுக்கு வந்தால் எல்லாம் குழம்பிப்போகிறது. தெருவில் என்றால் ஒருசமயம் ஆன், ஒருசமயம் இன். முக்கில் என்றால் அட். எதிரில் என்பதற்கு ஆப்போசிட், அதோடு ஒரு டு சேர்த்தால் மிஸ் காதைப் பொத்திக்கொள்வார். தமிழில் முதலில் இடத்தைச் சொல்லிவிடலாம். அதற்கு உள்ளேயா, ஒட்டியா, தாண்டியா, எதுத்தாப்பலயா என்பதை வாலில் கட்டிக்கொள்ளலாம், அதுவரை யோசிக்க அவகாசம் உண்டு. இங்கிலீஷ்காரனோ உறவைச் சொல்லாமல் ஆளின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறான், கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடா என்று கேட்டுவிட்டே சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறவர்கள் மாதிரி. அவள் வளர்ந்தது அங்குட்டுப் போயி இங்குட்டுத் திரும்புங்க என்பதில். அதற்கு ஒரு கை போதும். கை காட்டக் கூடாது, வாயால் சொல்லணும், கெஸ்ட் முன்னால கைய நீட்றது மரியாதை இல்ல என்று மிஸ் சொல்லியிருந்தார். அதனால்தான் காலையில் அந்தப் பெரியவர் முன்னால் இரண்டு கையையும் பையின் காதில் கோர்த்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டியிருந்தாலாவது. நீட்டியிருந்தால் என்ன? இப்போது எதற்கு அந்த நினைப்பு? நன்றாகத்தானே சொன்னாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது முக்கு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தார் அவர். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் இந்த வெயிலிலும் ஒரு மப்ளர், கையில் காக்கிக் கவர். ராமேஸ்வரத்துக்குப் போகிற வடநாட்டுக் கூட்டத்தில் ஒருத்தர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கடைக்காரனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், அவன் முழித்துவிட்டு இவளைக் காட்டினான். "அந்தக்கா ஓட்டல்ல வேல பாக்குறவங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது, அதுதான் வினை. "ராம்கிருபா தர்மசாலா, மேடம்," என்றார் பெரியவர். "மை வைஃப் இஸ் தேர். ப்ரீதிங் ப்ராப்ளம்." மருந்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறார், திரும்பிப் போக வழி பிடிபடவில்லை, போன் மனைவியிடமே இருக்கிறது. கவரை ஆட்டிக் காட்டினார். உள்ளே மருந்து உறிஞ்சுகிற குழல் கடகடவென்றது. ப்ரீதிங் ப்ராப்ளம் என்று காதில் விழுந்ததும் இந்துராணி என்ன நினைத்தாள்? ஐயோ பாவம் என்று நினைத்தாளா? டிஃபிகல்ட்டி இன் ப்ரீதிங் என்று சொல்ல வேண்டும், இன் வரும், என்று நினைத்தாள். சாமி சத்தியமாக அதைத்தான் நினைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். கோ ஸ்ட்ரெய்ட் ஆன் திஸ் ரோடு. டர்ன் லெஃப்ட் அட் மங்களவிலாஸ் தியேட்டர். தி தர்மசாலா இஸ் இன் தி லெஃப்ட். அவர் தலையாட்டிவிட்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார். வயசானவர் நடக்கிற வேகம் இல்லை அது. இவளுக்குத்தான் இன் என்று சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றது. "சார், சார்" என்று கூப்பிட்டாள். அவர் நின்று, திரும்பி, வழியில்தான் ஏதோ மாற்றம் என்று பதறி, வந்த தூரமெல்லாம் திரும்பி வந்தார். "ஸாரி சார். நாட் இன் தி லெஃப்ட். ஆன் தி லெஃப்ட்" என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "யெஸ். ஆன் தி லெஃப்ட். தேங்க் யூ, மேடம்" என்று கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்தார்.

இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. மூச்சுக்குத் தவிக்கிற பொம்பளைக்கு மருந்து கொண்டுபோகிற மனுஷனைத் திரும்ப வரவழைத்து என்னத்தைக் கொடுத்தாள், ஒரு ஆன். சரி, போகட்டும், அதிலொன்றும் நாழியாகிவிடவில்லை. மங்களவிலாஸ் முக்குக்கு இருக்கிற தூரம் வெற்றிலை மென்று துப்புவதற்குள் வந்துவிடும். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார். உள்ளே கேட்டால் இதே வாக்கியத்தையே சொல்லிவிட வேண்டியதுதான். அட் மங்களவிலாஸ் தியேட்டர். அட்டா, ஆஃப்டரா? இடது பக்கச் சந்து தியேட்டரைத் தாண்டியா, அதற்கு முன்னாலேயா? மிஸ் சொல்வார், சந்தேகம் வந்தால் கண்ணை மூடி இடத்தைப் பார்த்துக்கொள், தீப்பெட்டியைப் பார்த்த மாதிரி. இந்துராணி கண்ணை மூடினாள். மங்களவிலாஸ் டாக்கீஸ் வந்து நின்றது. மஞ்சள் சுவர், அரைவட்ட வாசல், பெண்கள் டிக்கெட் வாங்குகிற கம்பிவலைச் சந்து, கை போனால் திரும்பி வராத அளவு ஓட்டை, முறுக்கு வாசம், இடைவேளையில் கொட்டிய சோடாவின் பிசுபிசுப்பு. பக்கத்திலேயே சந்து. ஆஃப்டர்தான் சரி, ஜஸ்ட் ஆஃப்டர். அந்தச் சந்து வாயில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள், இடுப்பில் மதுமிதா, பால்பல் முளைத்த குழந்தை, தூசி படாமல் முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். எதற்குத் தூசி? மேலே ஆட்கள் நின்று கடப்பாரையால் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் சுவர் பாளம் பாளமாக விழுகிறது. இடிச்சிட்டாங்களே என்று யாரோ சொல்கிறார்கள். இந்துராணி கண்ணைத் திறந்தாள். அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

தியேட்டர் இல்லை. அங்கே டைல்ஸ் கடையும் செல்போன் கடையும் வந்து, மாடியில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற டியூஷன் வந்து, எத்தனையோ காலமாகிவிட்டது. அவளுக்குத் தெரியாதா? தினம் பஸ்ஸில் அதைத் தாண்டித்தானே வருகிறாள். கண்டக்டர் "மங்களவிலாஸ்லாம் எறங்கு" என்று கத்துகிறான், ஜனம் இறங்குகிறது, ஒருத்தரும் தியேட்டர் எங்கே என்று கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட மங்களவிலாஸ் பின்புறம் என்றுதான் போடுகிறார்கள், முன்புறமே இல்லாததற்குப் பின்புறம். இந்த ஊரில் எந்தக் கட்டடமும் இடித்தால் போவதில்லை. ஆனால் அந்த மனுஷன் இந்த ஊர்க்காரரா? அவர் நேராகப் போவார், இடது பக்கம் தியேட்டரைத் தேடுவார், டைல்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போவார், போய்க்கொண்டே இருப்பார். யாரையாவது கேட்க மாட்டாரா? கேட்பார். அதுதான் பயமே. ராம்கிருபா என்று பலகையில் எழுதியிருந்தாலும் அதை ஊரில் சேட்டு சத்திரம் என்றுதான் சொல்லுவார்கள், தர்மசாலா என்றால் யாருக்கும் விளங்காது. விளங்காவிட்டாலும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். வழி கேட்டவனைத் தெரியாது என்று அனுப்புவது தண்ணி கேட்டவனை இல்லை என்று அனுப்புகிற மாதிரி, மதுரையில் அது பாவம். அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் கையை நீட்டி அனுப்பிவைப்பார்கள், அன்போடு, ஆற்றுப் பாலம் வரைக்கும். ஒருவேளை மங்களவிலாஸ் என்று கேட்டால் சரியாகக் காட்டிவிடுவார்கள். இதோ இதான் மங்களவிலாஸ் என்று டைல்ஸ் கடை வாசலில் நிறுத்துவார்கள். அவர் நாட் ஷாப், தியேட்டர், தியேட்டர் என்பார். அவர்களும் ஆமாமா தியேட்டர்தான் என்பார்கள். இந்துராணிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் தொண்டையில் கசந்தது.

இப்போதே ஓடினால் பிடித்துவிடலாம். ஓடுவதா? ஜெரோம் வெளியே வருகிற நேரம். மேனேஜர் சந்திரமோகன் சார் ஒருமுறை கூப்பிட்டு ஆள் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். யாரோ ஒரு வடநாட்டுக்காரருக்காக இத்தனை மாதம் மாடிப்படி ஏறிப் படித்ததை விட்டுவிட்டுப் போக முடியுமா, யாராவது போவார்களா, அவரும் இந்நேரம் ஆட்டோ பிடித்திருப்பார், வடநாட்டுக்காரர்கள் விவரமானவர்கள். அந்த அம்மாவோடு கூட்டமே இருக்கும், ஒரு பஸ் நிறைய ஆட்கள், யாராவது வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார்கள். வெந்நீரில் தீருமா? தம்பி பாஸ்கரனுக்குச் சின்ன வயசில் இளைப்பு வரும். சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்காருவான், தோள்பட்டை இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கும், கழுத்துக் குழி உள்ளே போய் வரும், கண் மட்டும் வாசலையே பார்க்கும், மருந்து வாங்கப் போன அப்பா வருகிறாரா என்று. பேச மாட்டான். பேசுவதற்குக் காற்று வேண்டுமே. இதெல்லாம் தெரியாதவளாக இருந்து அப்படிச் செய்திருந்தால்கூட மனசு சமாதானமாகும். தமிழில் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? யோசித்தே இருக்க மாட்டாள். வாங்கய்யா, நானும் சும்மாதான் போறேன் என்று முன்னால் நடந்திருப்பாள், சத்திரத்து வாசலில் விட்டுவிட்டு, அம்மாவுக்கு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். நேரம் இருந்தது. சீக்கிரமே கிளம்பி வந்திருந்தாள், சோபாவில் உட்கார்ந்து விரலை நெட்டி முறிக்கத்தானே அந்த நேரமெல்லாம் போயிற்று. இங்கிலீஷில் கேட்டார் என்பதற்காக நின்ற இடத்திலேயே நின்று பிரசங்கம் பண்ணினாள். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. அவருக்கு வேண்டியிருந்தது கூட வருகிற ஒரு ஆள். இவளுக்கு வேண்டியிருந்தது கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள். அவர் இடத்தில் மிஸ் நின்றிருந்தாலும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பாள், இதே குரலில். இந்துராணி எழுந்துவிட்டாள். மாடிப்படியைப் பார்த்து நின்றாள். கதவு திறந்து ஜெரோம் வந்தான், "அக்கா, உங்களத்தான் கூப்புடுறாங்க, ஈஸிதான்" என்றான். எழுந்தது கூப்பிட்டதற்காகத்தான் என்று அவள் கால்கள் உடனே நம்பிவிட்டன.

உள்ளே குளிர் அதிகம். மேனேஜருக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கிற நிவேதிதா மேடம், மதுமிதாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், சிரித்த முகமாக இங்கிலீஷில் கேட்டாள். ஒரு கெஸ்ட் வந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறார், நடந்தே போக வேண்டும் என்கிறார், சொல்லுங்கள். லாரி ஷெட் வழியாகச் சொல்லலாம், அதுவும் ஒரு வழிதான். ஆனால் அந்த வழியை அவள் இங்கிலீஷில் நடந்து பார்த்ததில்லை. அதில் இரண்டு திருப்பம், ஒரு மேம்பாலத்தின் அடி, அண்டரா பிலோவா என்று இப்போது போய் யாரைக் கேட்பது. வேண்டாம், வேண்டாம் என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் போய்விட்டது. கோ ஸ்ட்ரெய்ட் ஆன் திஸ் ரோடு. கோ பாஸ்ட் மங்களவிலாஸ் தியேட்டர். தி ஸ்டேஷன் இஸ் அட் தி எண்ட் ஆஃப் தி ரோடு, ஆன் தி லெஃப்ட். ஒரு பிசிறு இல்லை. கை இரண்டும் மடியிலேயே இருந்தன. சந்திரமோகன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்னங்க இது, கீழ உக்காந்து துணி எண்ணிக்கிட்டிருந்த ஆளா இவங்க?" என்றார். நிவேதிதா மேடம் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு, "மங்களவிலாஸ்ங்கறது எது சார்? அந்தப் பக்கம் போயிருக்கேன், தியேட்டர் எதுவும் நான் பாக்கலைங்களே" என்றாள். இதோ, கேட்டுவிட்டாள். இல்லை மேடம், தப்பு, அங்கே தியேட்டர் கிடையாது, காலையில் ஒருத்தரை அப்படித்தான் அனுப்பிவிட்டேன், இப்பவே போகணும் என்று சொல்லிவிடலாம், தமிழிலேயே சொல்லலாம், கதவும் பக்கத்தில்தான். "அத இடிச்சு ரொம்ப நாளாச்சும்மா," என்றார் சந்திரமோகன் சார். "பேரு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. மதுரையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க." மூன்று பேரும் சிரித்தார்கள். ஆமாம், மூன்று பேரும். அவள் சிரித்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஒண்ணாம் தேதியிலிருந்து மேலே வந்துவிடுங்கள் என்றார்கள். கும்பிட்டாள், தேங்க் யூ சொன்னாள், படியிறங்கும்போது சந்தோஷப்படக்கூட நிற்கவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் செய்த உருப்படியான காரியம்.

வெயில் ஏறியிருந்தது. நடக்கிறாளா ஓடுகிறாளா என்று தெரியாத நடை, பட்டுச் சேலை காலைத் தட்டுகிறது. மங்களவிலாஸ் முக்கில் வந்து நின்று முதல் தடவையாக அந்த இடத்தைப் பார்த்தாள். டைல்ஸ் கடை கண்ணாடியில் சூரியன் அடிக்கிறது. சந்து வாயே தெரியவில்லை, வண்டிகளை நிறுத்தி மறைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்களுக்கே தெரியாது. பெரியவர் எங்கும் இல்லை. சந்துக்குள் நுழைந்தாள். சத்திரத்து வாசல் பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், பூப்போட்ட சேலை, தலையில் முக்காடு, இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றி, தோள்பட்டை காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்க. பக்கத்தில் ஒரு பெண் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன், "காலையில போன மனுசன் இன்னும் காணம்மா, மத்த ஆம்பளைக எல்லாம் கோயிலுக்குப் போயிட்டாக, இந்தம்மா ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்குது, அவரு வரட்டும்ங்குது" என்றார். அந்த அம்மாளின் கண் இந்துராணி மேல் பட்டது, இவள் இல்லை என்று விலகியது, மறுபடி தெருவுக்குப் போனது. பாஸ்கரனின் கண். இந்துராணி பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது? உன் வீட்டுக்காரரை நான்தான் அனுப்பினேன் என்று கையால் எப்படிக் காட்டுவது? தேடிப் போகலாமா என்றால் எந்தப் பக்கம் போவது? வழியைத் தொலைத்துவிட்டவள் போல அவளுக்கு அழுகை வந்தது.

ஆட்டோ சத்தம் கேட்டது. பெரியவர் இறங்கினார். மப்ளர் கழுத்தில் இல்லை, ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது, ஒரு செருப்பின் வார் அறுந்து இழுபட்டது. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய்க் குழலை எடுத்து மனைவியின் வாயில் வைத்து அழுத்தினார், இன்னொரு தரம் அழுத்தினார், அவள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். தோள்பட்டை மெதுவாக, மெதுவாக இறங்கியது. முகத்தில் நிறம் திரும்புவதை இந்துராணி பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார். "மேடம், யூ கேம் டு ஸீ அஸ்?" என்றார். மனைவியிடம் இந்தியில் என்னவோ சொல்லி இவளைக் காட்டினார், அந்த அம்மாள் பேச முடியாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். இந்துராணிக்கு அந்தக் கும்பிடைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லிவிட வேண்டும். தேர் இஸ் நோ தியேட்டர், சார். எவ்வளவு சின்ன வாக்கியம். அதில் இன் இல்லை, ஆன் இல்லை, ஒரு தப்பும் வராது. வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "யூ டோல்ட் ஸோ க்ளியர்லி, மேடம். டூ டைம்ஸ் யூ டோல்ட். தி தியேட்டர், ஐ குட் நாட் ஸீ. ஓல்ட் ஐஸ். மை மிஸ்டேக்." தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "ஸாரி, மேடம்."

"இட்ஸ் ஓகே, சார்," என்றாள் இந்துராணி. யோசிக்காமல் வந்துவிட்டது, சரியான உச்சரிப்போடு வந்துவிட்டது. மன்னிப்புக் கிடைத்த நிம்மதியில் பெரியவர் தலையாட்டினார்.